வயித்தெரிச்சல் தின்ன அரசாணிக்காய்

எங்க காலனிக்கு ஒறம்பரை வந்தா, குடிக்கத் தண்ணி குடுக்கறதுக்கு முன்னாலயே நாங்க சொல்லிக்குடுக்கறது ஒண்ணே ஒண்ணுதானுங்க: பொடக்காளிக்குப் போறதா இருந்தா ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கோணும். ஊட்டுக்குப் பின்னால இருக்கற எடத்தை நாங்க பொடக்காளிம்போம். அங்க ஊட்டுக்கு ஊடு ஒரு அரசாணிக்கொடி படந்திருக்கும், நீங்க பரங்கிக்காய்ங்கறீங்களோ மஞ்சப்பூசணிங்கறீங்களோ அதேதான், கொடிக்கு ஒரே ஒரு காயை மட்டும் விட்டுட்டு மத்த பிஞ்சையெல்லாம் கிள்ளி எறிஞ்சுட்டு, அந்த ஒண்ணை வைக்கோல் மேல படுக்க வெச்சு, பழைய வேட்டியப் போத்தி, புளிச்ச மோரும் கடலைப்புண்ணாக்குக் கரைசலும் ஊத்தி, பெத்த புள்ளைக்குக்கூடப் பாக்காத பக்குவமெல்லாம் பாத்து வளத்துவோம். அந்தக் காயைப் பாத்து எவனாச்சும் 'அதா பாரு'ன்னு வெரலை நீட்டிட்டா முடிஞ்சுது கதை, மறுநாளே வெம்பிப் போயிரும். காட்டியே ஆகோணும்னா மோவாயத் தூக்கிக் காட்டலாம், முழங்கையால காட்டலாம், மூடுன கையால காட்டலாம். பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை ஒருத்தரு தெரியாம வெரலை நீட்டிட்டாருன்னு அந்தச் சம்பந்தமே வேண்டாம்னு காப்பித்தண்ணிகூடக் குடுக்காம அனுப்பி வெச்ச ஊருங்க இது.

வெரலை விட மோசம் கண்ணு. 'ஹூம், என்ன பெருசு'ன்னு வயிறெரிஞ்சு ஒருத்தர் ஒரு பெருமூச்சு விட்டாப் போதும், காய்ப்பு நின்னு போயிரும், தோலு வெடிச்சுப் போயிரும், காம்பு கழண்டுரும். அதுக்குப் பயந்துதான் வேட்டியப் போத்தறது, பிஞ்ச செருப்பைக் கட்டித் தொங்கவிடறது, கரிச்சட்டிக்கு மூஞ்சி எழுதிக் கவுத்து வெக்கறது எல்லாம்.

நான் குஞ்சம்மா. காலனி முக்குல மாவு மில்லு வெச்சிருக்கறன். பெரிய தராசு எங்கிட்டத்தான் இருக்குதுங்கறதால, தை மாசம் பொங்கலை ஒட்டி வர்ற பூப்பறிக்கற நோம்பியன்னிக்கு அரசாணிக்காய் எடை போடறது நாந்தான். எடை போடறவ காய் வளத்தக்கூடாதுன்னு காலனிச் சங்கத்துல சட்டம் போட்டுட்டாங்க, அதனால எனக்கு யாரு மேலயும் சாய்வு கெடையாது, எல்லாத்து மேலயும் ஒரே அளவுதான் கோவம் வரும். ஜெயிச்சவிகளுக்குக் கோப்பை, அண்டா, பொன்னாடை ஒரு மண்ணும் கெடையாது. ஜெயிச்ச காயை வெட்டிக் காலனி முச்சூடும் பங்கு போட்டுக் குடுக்கோணும், வெட்டுன அரசாணி ஒரே ஊட்டுல தங்கக்கூடாதுங்கறது எங்க வழக்கம். பங்கு வாங்கறவிய ஒவ்வொருத்தரும் ஜெயிச்சவிய மூஞ்சிய நேருக்கு நேராப் பாத்து, 'உன்ற காய்தான் காய்'னு ஒரு வார்த்தை சொல்லோணும். அந்த ஒரு வார்த்தையக் கேக்கறதுக்குத்தான் ஆவணியில வெதை ஊனி தை மாசம் வரைக்கும் இத்தன பாடு.

அந்த வார்த்தைய வருசாவருசம் கேட்டுக் கேட்டுச் சலிச்சுப் போனவ ரங்கநாயகி. அவ கை ராசிக்காரக் கை. விடியால கோழி கூப்பிட எந்திரிச்சு ஆம்பளைப் பூவைப் பறிச்சுப் பொம்பளைப் பூவு மேல அவ தொட்டு எடுத்தாப் போதும், அந்தப் பிஞ்சு தங்கீரும். மாடி ஊடு, கார் நிறுத்தச் செட்டு, விவசாய ஆபீசுல பெரிய வேலை பாத்து ரிட்டயர்டு ஆன ஊட்டுக்காரரு, ஒரு கொறை சொல்ல முடியாது. காம்பவுண்டுச் சுவருக்கு இந்தப் பக்கம், ஓட்டு ஊட்டுல இருக்கறவ அவ கூடப்பொறந்த தங்கச்சி தெய்வாத்தா. இவளுக்கு வாச்சவரு நாச்சிமுத்து, மினிபஸ்ல கண்டக்டரா இருந்துட்டு இப்ப முட்டி வலின்னு ஊட்டுல உக்காந்துட்டவரு. உக்காந்துட்டாருங்கறது பேச்சுக்குத்தான், அந்த மனுசன் வாயும் உக்காராது கையும் உக்காராது, பாத்திரம் கழுவிக்கிட்டே பாடுவாரு, பாடிக்கிட்டே அடுப்புல பாலைப் பொங்க விட்டுருவாரு.

தெய்வாத்தா எங்க மில்லுக்கு ராகி அரைக்க வர்றப்பெல்லாம் ஒரே பாட்டுத்தான் பாடுவா. "குஞ்சக்கா, நான் பொறந்ததுல இருந்து அவ போட்டுக் கழிச்ச பாவாடையத்தான் கட்டுனேன், அவ படிச்சுக் கிழிச்ச பொஸ்தகத்தைத்தான் படிச்சேன், பள்ளிக்கூடத்துல என்ற பேரு வாத்தியாருக்கே தெரியாது, ரங்கநாயகி தங்கச்சிதான். ஒருத்தரும் அவளை தெய்வாத்தா அக்கான்னு சொன்னதில்லைக்கா. எனக்குக் காசும் வேண்டாம், மாடியும் வேண்டாம். சாகறதுக்குள்ள ஒரே ஒருக்கா அவ என்னையப் பாத்து வயிறெரியோணும். அது எங்கண்ணால நான் பாக்கோணும்." இதைச் சொல்றப்ப அவ கண்ணு கலங்கீரும். எனக்கும் பாவமாத்தான் இருக்கும், ஆனா சலிச்ச மாவுக்கு வரிசையில ஆளு நிக்குமே, போ அம்மணி போன்னு அனுப்பி வெப்பேன்.

இப்படி இருக்கறப்ப, போன கார்த்திகையில ஒரு நாளு, தெய்வாத்தா காய் மேல போத்தியிருந்த வேட்டியத் தொவைச்சுக் காயப் போட்டிருந்தாளுங்க. அன்னிக்குன்னு பாத்து சென்னியப்பன் கடப்பாரை எரவல் கேட்டுப் பொடக்காளி வழியா வந்துட்டாரு. சென்னியப்பன் கண்ணு எப்படிப்பட்ட கண்ணுன்னா, அவரு நல்லாருக்குதுன்னு சொன்ன எருமை மறுநாளே கறவை நிறுத்தீரும், அவரு பாராட்டுன மோட்டாரு அன்னிக்கே பொகைஞ்சுரும். அந்த மனுசன் வந்து நின்னு, கை ரெண்டையும் மறக்காம பின்னால கட்டிக்கிட்டு, காயை ஏற எறங்கப் பாத்து, அடி வயித்துல இருந்து 'ஹூம், குடுத்து வெச்சவ'ன்னு ஒரு பெருமூச்சு விட்டாரு. தெய்வாத்தா தலையில கைய வெச்சுத் தரையில உக்காந்துட்டா. காய் நெறநெறன்னு ஒரு சத்தம் போட்டுது, வெடிக்கப் போவுதுன்னு அவ கண்ண மூடிக்கிட்டா, தொறந்து பாத்தா காய் ஒரு சாண் பெருத்திருக்குது. சென்னியப்பன் 'ஏவ்'னு நீளமா ஒரு ஏப்பம் விட்டாரு, நெஞ்சத் தடவிக்கிட்டாரு, கடப்பாரைய மறந்துட்டுக் கெளம்பிட்டாரு.

போனவரு நேரா ஊட்டுக்குப் போகலைங்க. அவரும் அவரு பங்காளி காளியண்ணனும் ஒரே வாரத்துல போர் போட்டாங்க, காளியண்ணனுக்குத் தண்ணி பீச்சி அடிச்சுது, சென்னியப்பனுக்குப் பொகைதான் வந்துது, அன்னிக்கு அந்துபோச்சு பேச்சு வார்த்தை. அப்படிப்பட்டவரு காளியண்ணன் தோட்டத்துக்குப் போயி, பம்பு செட்டுல மொகம் கழுவி, ரெண்டு கையிலயும் அள்ளிக் குடிச்சுட்டு, 'தண்ணி சக்கரையாட்ட இருக்குது பங்காளி'ன்னாரு. காளியண்ணன் பயந்து போயி, 'போர் விசயத்துல எம்மேல கோவமில்லையா'ன்னு கேக்க, சென்னியப்பன் கண்ணைச் சுருக்கி யோசிச்சுப் பாத்துட்டு, 'எந்தப் போர்'னு கேட்டாரு. நெசமாவே நெனப்பில்லைங்க அவருக்கு.

இதுல யாருக்கும் பெருசா ஆச்சரியமில்லை. அரசாணி நல்லா வளரோணும்னா எதையாச்சும் திங்கத்தானே வேணும், மோரு குடிக்கற காய் வயித்தெரிச்சலைத் தின்னா என்ன கொறைஞ்சு போச்சுன்னுதான் ஊர்ல பேசிக்கிட்டாங்க. மறுநாள்ல இருந்து ஆளுக வர ஆரம்பிச்சாங்க. வடக்கு வீதி சரசு வந்தா, ஓரகத்திக்கு எலுமிச்சம்பழ நெறத்துல மருமக வந்துட்டாளேங்கற எரிச்சலக் கொண்டாந்தா, காயைப் பாத்து ஹூம்னா, காய் நெறநெறன்னுது, ஏப்பம் விட்டுட்டுப் போனா. ரிட்டயர்டு எட்மாஸ்டர் வந்தாரு, கூடப் படிச்சவன் கலெக்டராயிட்டானேன்னு நாப்பது வருசமா நெஞ்சுக்குழியில வெச்சிருந்ததை எறக்கி வெச்சாரு, காய் ஒரேயடியா ரெண்டு சாண் பெருத்துது, பழைய சரக்குக்கு அத்தன வேகம். கியர் வெச்ச சைக்கிளுக்கு ஏங்குன பள்ளிக்கூடத்துப் புள்ளைக வந்துதுக, அடுத்தவன் ஆட்டோவுக்குச் சவாரி சேருதேன்னு எரிஞ்ச ஆட்டோக்காரங்க வந்தாங்க, பக்கத்து ஊர்ல இருந்து மினிபஸ் புடிச்சு வந்தாங்க, வயித்தெரிச்சலே இல்லாதவிய ரெண்டொருத்தரு வேடிக்கை பாக்க வந்து, அவனுக்கெல்லாம் ஏப்பம் வருதே நமக்கு வரலையேன்னு எரிஞ்சு, அந்த எரிச்சலுக்கே ஏப்பம் வந்து, சந்தோசமாப் போனாங்க. நானும் போனேன். மேக்கால வீதி மில்லுக்காரி புது மெசின் போட்டதுக்காகப் போனேனாமா, அப்பறம் மத்தவிய சொல்லித்தான் எனக்கே தெரியும்.

நாச்சிமுத்து பழைய விசிலை எடுத்துக் கழுத்துல மாட்டிக்கிட்டாரு. "உள்ள போ, உள்ள போ, முன்னால எடமிருக்குது, ஏப்பம் விட்டவிய எறங்கு, படியில நிக்காத"ன்னு வரிசைய ஓட்டுனாரு. காய் மொதல்ல அண்டா அளவு ஆச்சு, பொறவு கட்டை வண்டி அளவு, பொறவு வைக்கப்போரு அளவு. தொவைக்கற கல்லை முழுங்கிக்கிட்டு, கருவேப்பிலைச் செடியச் சாச்சுக்கிட்டு, காம்பவுண்டுச் சுவருல போயி முட்டி நின்னுது. அதுக்குப் போத்த வேட்டி இல்லாம கல்யாணப் பந்தல் துணிய வாடகைக்கு வாங்கலாம்னு பேசுனாங்க, கண்ணு படறதுதானே அதுக்குச் சாப்பாடு, எதுக்குப் போத்தறதுன்னு விட்டுட்டாங்க. சாயங்காலமானா அது மேல ஏறிக் கொழந்தைக சறுக்கி வெளையாடுச்சுக, நாச்சிமுத்து அதுகளுக்கும் விசிலடிச்சு டிக்கெட்டுக் கிழிச்சாரு.

ஊர்ல வயித்தெரிச்சல் தீந்துபோன பொறவுதான் பாருங்க கூத்து. அடுத்த ஊட்டுக்காரன் பச்சை அடிச்சான்னு மஞ்சை அடிக்கறவன் இல்லை, பெயிண்டுக் கடைக்காரன் ஈயோட்டுனான். அவ கட்டுன பட்டை விடக் கரை பெருசா வேணும்னு கேக்கறவ இல்லாம பட்டுக் கடையில உக்காந்திருந்த பையன் தூங்கியே போனான். கல்யாண ஊட்டுல சாப்பாட்டுக்கு ஒருத்தரும் கொறை சொல்லலைன்னு பொண்ணு ஊட்டுக்காரங்க, என்னமோ கோவம் போலன்னு அழுதுட்டாங்க. மாகாளியம்மன் கோயில்ல மார்கழிப் பூசைக்கு மொத மரியாதை யாருக்குன்னு வருசாவருசம் மண்டை ஒடையும், இந்த வருசம் பூசாரி மாலையும் பரிவட்டமும் கையில வெச்சுக்கிட்டு "யாராச்சும் வாங்கிக்குங்க சாமி, கை வலிக்குது"ன்னு நிக்கறாரு, அவிய இவியளுக்குக் குடுங்கங்கறாங்க, இவிய அவியளுக்குக் குடுங்கங்கறாங்க, கடைசில பரிவட்டத்தைக் கோயில் தூணுக்குக் கட்டிட்டு ஊட்டுக்குப் போனாரு.

எல்லாத்தையும் விடப் பெரிய கூத்து, காய் வளத்தறதையே காலனி உட்டுருச்சு. எதுக்கு வளத்தோணும், அடுத்தவன் காய் பெருசா இருந்தா இருந்துட்டுப் போவுதுன்னு தோணிப்போச்சு எல்லாத்துக்கும். மார்கழி வாசல்ல சாணியுருண்டைக்குச் சொருக ஆம்பளைப் பூ பொம்பளைப் பூன்னு பாக்காம அத்தனையும் பறிச்சாங்க, பாதி வளந்த காயைப் பிஞ்சுலயே அறுத்துப் பொரியல் பண்ணித் தின்னாங்க. போட்டிக்குப் பேரு குடுத்தது ரெண்டே பேரு, தெய்வாத்தா ஒண்ணு, ரங்கநாயகி ஒண்ணு.

ரங்கநாயகி மட்டும் வரவே இல்லைங்க. ஊரே வந்துது, ஊருக்கு அக்கட்டால இருக்கறவிய வந்தாங்க, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கறவ எட்டிப் பாக்கலை. தெய்வாத்தா கொழம்பு குடுத்து அனுப்பிக் கூப்பிட்டுப் பாத்தா, சக்கரை டப்பா எரவல் கேக்கப் போயி வாய் வார்த்தையாச் சொல்லிப் பாத்தா, கடைசியில நான் போயிக் கேட்டேன். "ஊரே பாத்துருச்சு, நீ சித்தெ வந்து பாத்தாத்தான் என்ன?" ரங்கநாயகி மொறத்துல அரிசி பொடைச்சுக்கிட்டே, தலை நிமிராம, "நான் எதுக்குப் பாக்கோணும்"னா. அந்த ஊட்டுல அவ ஊட்டுக்காரரு பேப்பரைத் திருப்புற சத்தம் மட்டுந்தான் கேக்கும், நான் எந்திரிச்சு வந்துட்டேன்.

தெய்வாத்தா மெலிஞ்சுட்டா. "அவளுக்கு எம்மேல ஒண்ணுமே இல்லைக்கா. இத்தாப்பெரிய காயை ஏன்னுகூடக் கேக்க மாட்டேங்கறா. வயிறெரியற அளவுக்குக்கூட நான் அவளுக்கு ஒரு ஆளில்லை"ன்னா. நீயும் ஒரு பெருமூச்சு விட்டு உன்ற எரிச்சலை அந்தக் காய்கிட்டயே குடுத்துட்டு நிம்மதியா இரேன்னு சொன்னேன். அவளால முடியலைங்க, காயைப் பாத்தா அவளுக்குப் பெருமைதான் வந்துது, பெருமூச்சு வரலை. காலனியில வயித்தெரிச்சலோட மிச்சம் இருந்தது அவ ஒருத்திதான்னு நான் நெனச்சுக்கிட்டிருந்தேன்.

பூப்பறிக்கற நோம்பி வந்துது. ரங்கநாயகி காயை ரெண்டு ஆளுக தூக்கியாந்து என்ற மில்லுல எறக்கிட்டாங்க. தெய்வாத்தா காயைத் தூக்கறதுக்கு ஆளுமில்லை மெசினுமில்லை, அங்கேயே நூல் புடிச்சு அளந்துக்கலாம்னு சங்கத்துல முடிவு பண்ணுனோம். எடை போடறதுக்கு முன்னால போட்டிக்காரவிய ஒருத்தர் காயை ஒருத்தர் கைகட்டிப் பாத்தே ஆகோணும்ங்கறது சட்டம், பின்னால திருட்டுக்காய்னு பேச்சு வரக்கூடாதில்லீங்களா, அதனால ரங்கநாயகி வந்துதான் ஆகோணும். தெய்வாத்தா காலையிலயே தலைக்குத் தண்ணி வாத்து, இருக்கறதுலயே நல்ல சீலையக் கட்டிக்கிட்டு, காய்க்குப் பக்கத்துல நின்னா. ஊரே வந்து நின்னுது, யாருக்கும் ஒரு பரபரப்பும் இல்லை, நோம்பிக்குச் சும்மா வந்தாப்பல முறுக்குத் தின்னுக்கிட்டு நின்னாங்க.

ரங்கநாயகி வந்தா. கை பின்னால, தலை கீழ. தலையத் தூக்கிக் காயைப் பாத்தா. அடியில இருந்து நுனி வரைக்கும் பாத்தா. பெருமூச்சு வரலை, நெறநெற சத்தம் வரலை. "நல்லா வளத்தியிருக்கற கண்ணு"ன்னு நல்ல மனசோட சொன்னா. சொல்லிட்டுத் திரும்பிட்டா.

தெய்வாத்தா மொகத்தைப் பாக்க முடியலைங்க. அத்தன பேரு முன்னாலயும் அவளுக்கு வாயி கோணிக்கிட்டு அழுகை வந்துருச்சு. அந்த நேரம் பாத்து நாச்சிமுத்து ஒரு தட்டு நெறைய டீ கிளாசைத் தூக்கிக்கிட்டு, விசிலை வாயில வெச்சுக்கிட்டே ஊட்டுக்குள்ள இருந்து வந்தாரு. ஊட்டுக்காரி மூஞ்சியப் பாத்தாரு, தட்டைக் கீழ வெச்சாரு, ஒண்ணும் கேக்கலை, தோளுத்துண்டை எடுத்து அவ கண்ணைத் தொடச்சுவிட்டு, தலையில ஒட்டியிருந்த வைக்கோலை ஒண்ணொண்ணா எடுத்துவிட்டு, "அழுதுட்டே டீ குடிச்சா உப்புக் கரிக்கும் தெய்வா, மொதல்ல குடி, பொறவு அழுதுக்கலாம்"ன்னாரு. அவளுக்கு அழுகையோட சிரிப்பும் வந்துருச்சு.

ரங்கநாயகி அதைப் பாத்துக்கிட்டே நின்னா. பொறவு காயைப் பாத்தா. மெதுவா, பக்கத்துல நின்ன எனக்கே கேட்டும் கேக்காம, ஒரு பெருமூச்சு விட்டா.

நெறநெறன்னு இல்லைங்க, இந்த வாட்டி மடமடன்னு கேட்டுது. காய் அவ பக்கமாப் பெருத்துது, சுவருல அழுத்திப் பெருத்துது, செங்கல் ஒண்ணொண்ணாப் பிதுங்கி விழுந்துது, சுவர் அப்படியே அந்தப் பக்கம் சாஞ்சுது, அதுக்கும் நிக்காமப் பெருத்துப் பெருத்து, கடைசியில வெடிச்சுது பாருங்க, ரெண்டு பொடக்காளியும் ஒண்ணாப் போயி, நின்ன ஆளுக அத்தன பேரு மேலயும் மஞ்சச் சதையும் வெதையும் நாரும் வழிய, முறுக்குத் தின்னவன் வாயிலகூட அரசாணிக்காய். அந்த அமைதியில ரங்கநாயகி 'ஏவ்'னு ஏப்பம் விட்டா. அவ்வளவு நீளமான ஏப்பத்தை எங்க காலனி கேட்டதில்லை.

தெய்வாத்தா போன காயைத் திரும்பிக்கூடப் பாக்கலை. அக்காளோட ரெண்டு தோளையும் புடிச்சு உலுக்குறா, மொகமெல்லாம் மஞ்சளா வழியுது. "அக்கா, எம்மேலயா? எம்மேலயா உனக்கு இத்தன வயித்தெரிச்சல்? எதுக்கு? எதைப் பாத்து? சொல்லு." ரங்கநாயகி கண்ணைச் சுருக்கி யோசிச்சா. அவ மொகம் சின்னப் புள்ளையாட்ட ஆயிருந்துது. "இருந்துச்சு கண்ணு. ரொம்ப வருசமா இருந்துச்சு. அதுக்குப் பயந்துதான் இந்தப் பக்கம் வராமயே இருந்தேன். என்னன்னுதான் இப்ப நெனப்பு வரமாட்டேங்குது." "நல்லா யோசிச்சுப் பாரு அக்கா." "நெஞ்சுல தொடைச்சு எடுத்தாப்பல இருக்குது தெய்வா, ஒண்ணுமே இல்லை." கேட்டது கெடைச்சும் கைக்கு வராமப் போன பாவத்தை அன்னிக்குத்தான் நான் பாத்தேன்.

வெடிச்ச காய்க்கு அளவு இல்லை, முழுக்காய் ரங்கநாயகியுதுதான், ஜெயிச்சது அவதான்னு நான் சொன்னேன். தெய்வாத்தா அவ மூஞ்சியப் பாத்து 'உன்ற காய்தான் காய்'னா. ஆனா அன்னிக்கு ஜெயிச்ச காயை வெட்ட முடியலைங்க, வெடிச்சது மலையாட்டக் கெடக்குது, ஒடைஞ்ச அரசாணி ஒரே ஊட்டுல தங்கக்கூடாது, வழக்கம்னா வழக்கந்தானே. குண்டாவும் கூடையுமா வந்து ஊரே பங்கு போட்டு அள்ளிக்கிட்டுப் போயி, பொரியல் பண்ணுனோம், கொழம்பு வெச்சோம், பாயாசம் காய்ச்சுனோம். சுவரு பக்கம், அக்கா பெருமூச்சுக்குப் பெருத்து வெடிச்சு விழுந்த கடைசித் துண்டைத் தெய்வாத்தா தானே எடுத்துக்கிட்டா. உள்ள என்ன இருக்குதுன்னு ஒருத்தராச்சும் யோசிச்சிருக்கோணும், ஒருத்தரும் யோசிக்கலை.

மறுநாள் விடியால காலனியே வயித்தைப் புடிச்சுக்கிட்டு எந்திரிச்சுது. போன எரிச்சலெல்லாம் திரும்பி வந்துருச்சுங்க, ஆனா எடம் மாறி வந்துருச்சு. மூணாவதுக்கு மேல படிக்காத சரசு, கூடப் படிச்சவன் கலெக்டராயிட்டானேன்னு பேப்பரைப் பாத்து அழுவுறா. எட்மாஸ்டரு எலுமிச்சம்பழ நெறத்துக்கு ஏங்கிக் கண்ணாடி முன்னால பயத்தமாவு பூசிக்கிட்டு நிக்கறாரு. சென்னியப்பன் பள்ளிக்கூடம் விடற நேரத்துக்குப் போயி நின்னு, கியர் சைக்கிளுகளைப் பாத்துப் பெருமூச்சு விடறாரு, மறுநாளே ரெண்டு சைக்கிள் பஞ்சர். எனக்கு ஒரு செண்டு நெலம் கெடையாது, காளியண்ணன் போர்ல தண்ணி வருதேன்னு எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது. ரங்கநாயகி காலையில என்ற மில்லுக்கே வந்து, "மேக்கால வீதிக்காரி புது மெசின் போட்டுட்டாளாமா, நீ என்ன கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கற"ன்னு என்னையத் திட்டிட்டுப் போறா. பெயிண்டுக் கடை தொறந்துது, பட்டுக் கடைப் பையன் முழிச்சுக்கிட்டான், தூணுல இருந்த பரிவட்டத்துக்கு மறுபடியும் மண்டை ஒடைஞ்சுது. விழுந்த சுவரை மட்டும் யாரும் எடுத்துக் கட்டலை.

தெய்வாத்தாளை ரெண்டு நாளாக் காணோம். சாயங்காலம் மில்லைப் பூட்டிட்டு அந்த வழியாப் போனேன். அவ ஊட்டுக்கு வெளிய, ரோட்டு மேல, கையில பால் சொம்போட நின்னுக்கிட்டு இருந்தா. உள்ள லைட்டுப் போட்டிருந்துது. நாச்சிமுத்து வெங்காயம் அரிஞ்சுக்கிட்டே பாடறாரு, வெளியூர்ல இருக்கற மக போன்ல பேசறா, பாட்டை நிறுத்துப்பான்னு அது திட்ட, இவரு இன்னும் சத்தமாப் பாட, அந்தப் பக்கம் அது சிரிக்கற சத்தம் ரோடு வரைக்கும் கேக்குது. சறுக்கி வெளையாடப் பழகுன புள்ளைக நாலஞ்சு, காய் போன பொறவும் போகாம, ஊட்டுக்குள்ள உக்காந்து முறுக்குத் தின்னுக்கிட்டு இருக்குதுக.

"என்ன அம்மணி, உன்ற ஊட்டு வாசல்ல ஒறம்பரையாட்ட நிக்கற?"

அவ திரும்பலை. வயித்து மேல ஒரு கைய வெச்சு அழுத்திக்கிட்டிருந்தா. "பாருக்கா. ஒரு நாளைக்கு ஒருக்காவாச்சும் இந்த ஊட்டுல யாராவது சிரிக்கறாங்க. ஊட்டுக்காரி அழுதா ஏன்னு கேக்காமயே கண்ணைத் தொடச்சுவிட ஒரு ஆளு இருக்குது. எத்தன குடுத்து வெச்சிருக்கோணும்க்கா இந்த ஊட்டுக்காரி. எனக்கு வயிறு அப்படி எரியுது."

"பைத்தியக்காரி, அந்த ஊட்டுக்காரி நீதான்டி."

"தெரியுமுக்கா"ன்னா அவ. "அதான் தாங்க முடியலை."

கண்ணைத் தொடச்சுக்கிட்டா. செருப்பைக் கழட்டி, வேத்தாளு ஊட்டுக்குப் போறவளாட்ட ஓரமா ஒழுங்கா விட்டுட்டு, படியில நின்னுக்கிட்டு, "உள்ள வரலாமுங்களா"ன்னு கேட்டா.

நாச்சிமுத்து ஏன்னு கேக்கலை. அரிவாமணைய நகத்திட்டு, "வாங்கம்மணி, வாங்க, இப்பத்தான் சோறு வடிச்சேன்"னு சொல்லி, உக்காரப் பலகையப் போட்டாரு.